தூத்துக்குடித் துறைமுகமும் ஜீவனக் கூலியும்

முத்துக்கும் உப்புக்கும் பெயர் போன தூத்துக்குடியிலிருந்து இந்நாளில் கப்பலேறும் முக்கியமான சரக்குகளில் துணிமணியும் ஒன்று. திருப்பூரில் பின்னித் தைத்த பனியன்களும், கரூரில் நெய்த படுக்கை விரிப்புகளும் இரும்புப் பெட்டிகளில் அடைபட்டு, லாரிகளில் தெற்கு நோக்கி வந்து, வ. உ. சிதம்பரனார் பெயர் பூண்ட துறைமுகத்தில் கப்பலேறி மேல்நாடுகளுக்குச் செல்கின்றன. அங்கே பெரிய பெரிய பட்டணங்களின் கடைகளில், கண்ணாடிக்குப் பின்னால் அவை தொங்குகின்றன. சில கடைகளில் விலைச் சீட்டின் பக்கத்திலே இன்னொரு சீட்டும் தொங்குவதுண்டு. இந்த ஆடையைச் செய்தவர்கள் நியாயமாக நடத்தப்படுகிறார்கள் என்னும் கருத்துள்ள வாசகம் அதில் அச்சிட்டிருக்கும்.

அந்த வாசகம் மெய்தானா? மெய்யாவதற்கு என்னென்ன வேண்டும்? இது மேல்நாட்டார் விசாரிக்க வேண்டிய விஷயம் என்று நாம் ஒதுங்கிக் கொள்வதற்கில்லை. ஆடையை விற்கிறவன் அதைச் செய்தவர்களின் வயிற்றுக்கும் பொறுப்பாளியா என்னும் வழக்கு நம் தேசத்தில், அதுவும் இந்த முத்துக் கரையிலேயே, நூறு வருஷங்களுக்கு மேலாக நடந்து வருகிறது. அவ்வழக்குக்கு ஒரு தீர்ப்பையும் நம்மவர்களே ஒரு காலத்தில் எழுதிக் காட்டினார்கள்.

சலாபத்துப் பங்கு

தூத்துக்குடிக் கரையில் உழைப்பின் விலையைப் பற்றிப் பேசுவோர் முத்துச் சலாபத்திலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். ஆங்கிலேய சர்க்கார் நடத்திய சலாபங்களில் கடலில் குளித்தவனுக்குச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, பங்குதான் உண்டு. கரைக்கு வந்த சிப்பிகளை மூன்று கூறாக்குவார்கள். இரண்டு கூறு சர்க்காரைச் சேர்ந்தது. ஒரு கூறு குளித்தவர்களைச் சேர்ந்தது. அந்த ஒரு கூற்றிலிருந்துதான் கயிறு பிடித்தவனும் படகுக்காரனும் தங்கள் பங்கைப் பெற வேண்டும். சர்க்கார் சிப்பிகள் ஆயிரத்துக்கு இவ்வளவு என்று ஏலத்தில் விலையாகும். குளித்தவர்கள் தங்கள் சிப்பிகளைக் கரையிலேயே வியாபாரிகளிடம் விற்றுக் கொள்வார்கள்.

இந்தப் பங்கீடு தர்மமானது என்று நாம் சொல்ல வரவில்லை. மூச்சை அடக்கிக் கொண்டு, சுறாவுக்கு அஞ்சிக் கொண்டு, கல்லைக் காலில் கோத்து இறங்கியவனுக்கு மூன்றில் ஒன்று. கரையில் கூடாரமடித்துக் கணக்கெழுதிய சர்க்காருக்கு மூன்றில் இரண்டு! ஆயினும் இந்த ஏற்பாட்டில் ஒரு குணம் இருந்தது. தன் பங்கு எவ்வளவு, மற்றவன் பங்கு எவ்வளவு என்பதை ஒவ்வொருவனும் தன் கண்ணாலேயே பார்த்துக் கொண்டான். அநியாயம் நடந்தாலும் அது பட்டப் பகலில், மணலின் மேல், குவியல் குவியலாக நடந்தது. 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களோடு இக்கரையில் முத்துக்குளிப்பு ஓய்ந்துவிட்டது. அந்தக் கண்கண்ட கணக்கும் அத்துடன் போயிற்று.

கோரல் மில்

1888-ஆம் வருஷம் ஹார்வி கம்பெனியார் தூத்துக்குடியில் கோரல் மில் என்னும் நூற்பு ஆலையை ஏற்படுத்தினார்கள். கரிசல் காட்டுப் பருத்தி ஆலைக்குள் சென்று நூலாக வெளிவந்தது. நூல் துணியாயிற்று, துணி கைமாறிக் கைமாறிக் கடைக்குப் போயிற்று. கடையில் கஜம் போட்டு வாங்கியவருக்கு அத்துணியின் விலையில் ஆலைத் தொழிலாளியின் பங்கு எத்தனை தம்பிடி என்று தெரிய வழியில்லை. தொழிலாளிக்கும் தெரியாது. விடிவதற்கு முன் உள்ளே போய் இருட்டிய பின் வெளியே வருவதும், சிறு குழந்தைகளும் வேலை செய்வதும், தவறினால் அடிபடுவதும், வாரத்தில் ஒரு நாள் ஓய்வுகூட இல்லாதிருப்பதுமே அவர்களுக்குத் தெரிந்த விஷயங்கள்.

1908-ஆம் வருஷம் பிப்ரவரி 27-ஆம் தேதி அத்தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளையும் ஸ்ரீ சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்கு முன்னால் நின்றார்கள். கூலி உயர வேண்டும், வேலை நேரம் குறைய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை வேண்டும் என்பவையே கோரிக்கைகள். ஊரார் இவ்விஷயத்தில் வேடிக்கை பார்த்துக் கொண்டிருக்கவில்லை. வேலை நிறுத்தியவர்களுக்குப் பணம் திரட்டினார்கள். சிலருக்கு வேறு வேலை கொடுத்தார்கள். கம்பெனியின் பக்கம் பேசியவருக்கு நாவிதர் க்ஷவரம் செய்ய மறுத்த கதையும் உண்டு. ஒன்பது நாளில், மார்ச் மாத முதல் வாரத்தில், கம்பெனியார் இணங்கி வந்தார்கள். கூலியும் உயர்ந்தது; விடுமுறையும் கிடைத்தது. கல்கத்தாவில் ஸ்ரீ அரவிந்தரின் 'வந்தே மாதரம்' பத்திரிகை இவ்வெற்றியைக் கொண்டாடி எழுதிற்று.

அதற்கு சர்க்கார் விதித்த விலையை நேயர்கள் அறிவார்கள். மார்ச் 12-ஆம் தேதி தலைவர்கள் கைதானார்கள். மறுநாள் திருநெல்வேலியில் ஜனங்கள் கொதித்தெழுந்தார்கள். துப்பாக்கிப் பிரயோகத்தில் நால்வர் மாண்டார்கள். கோரல் மில் தொழிலாளர் இம்முறை தங்கள் கூலிக்காக அல்லாமல் தங்கள் தலைவருக்காக மீண்டும் வேலையை நிறுத்தினார்கள். பம்பாய் ஆலைத் தொழிலாளர் லோகமான்ய திலகருக்காக வேலையை நிறுத்தியது அதே வருஷம் ஜூலை மாதத்தில். தூத்துக்குடி நான்கு மாதம் முந்திக் கொண்டது. ஜூலை 7-ஆம் தேதி செஷன்ஸ் நீதிபதி பின்ஹே, பிள்ளையவர்களுக்கு இரண்டு ஆயுட்காலத் தீவாந்தர சிக்ஷை விதித்தார். அது பின்னர் அப்பீலில் குறைக்கப்பட்டது. 1912-ஆம் வருஷம் டிசம்பரில் அவர் வெளிவந்தார்.

மலிவு என்னும் ஆயுதம்

கோரல் மில்லுக்கு முன்பே தூத்துக்குடி ஜனங்கள் இன்னொரு பாடம் கற்றிருந்தார்கள். 1906-ஆம் வருஷம் சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி ஏற்பட்டது. காலியா, லாவோ என்னும் கப்பல்கள் கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஓடின. அதைக் கவிழ்ப்பதற்காக வெள்ளைக்காரக் கப்பல் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, மேலும் குறைத்தது, கடைசியில் சும்மாவே ஏற்றிக் கொண்டு போவதோடு ஆளுக்கொரு குடையும் கொடுப்பதாகச் சொல்லிற்று. குடையை வாங்கிக் கொண்டவர்களுக்கு அன்று அது லாபமாகவே தோன்றியிருக்கும். சுதேசிக் கம்பெனி முடிந்த பிறகு கட்டணம் எவ்வளவு என்று கேட்க எவரும் மிஞ்சவில்லை.

மலிவு தானாக வருவதில்லை. எவனோ ஒருவன் அதன் மிச்சத்தைக் கட்டுகிறான். கப்பல் விஷயத்தில் சிதம்பரம் பிள்ளை தமது சொத்தையும் உடம்பையும் கொடுத்துக் கட்டினார். துணி விஷயத்தில் யார் கட்டுகிறார்கள்?

கதர்க் கடையின் பிரதிக்ஞை

இக்கேள்வியை மகாத்மா காந்தி தம் சொந்த வீட்டிலேயே கேட்டார் என்பதுதான் விசேஷம். 1925-ஆம் வருஷம் பாட்னாவில் அகில இந்திய நூற்போர் சங்கம் ஏற்பட்டது. சங்கம் பஞ்சு கொடுத்து நூல் வாங்கிற்று. நூலைக் கொடுத்துத் துணி நெய்வித்தது. துணியைக் கதர் பண்டாரங்களில் விற்றது. இக்காலத்தார் விநியோகச் சங்கிலி என்று சொல்வதன் முதல் கண்ணியும் கடைசிக் கண்ணியும் ஒரே கையில் இருந்தன. நம் மாகாணத்தில் திருப்பூர் கதரின் தலைநகராயிற்று. திருச்செங்கோட்டுக்கு அருகே புதுப்பாளையத்தில் ஸ்ரீ ராஜாஜி 1925-இல் ஸ்தாபித்த காந்தி ஆசிரமம், மழை பொய்த்த கிராமங்களுக்கு ராட்டினத்தைக் கொண்டு கஞ்சி வார்த்தது.

பத்து வருஷ காலம் சங்கத்தின் கவலையெல்லாம் கதரை மலிவாக்குவதாகவே இருந்தது. மில் துணியோடு போட்டி போட வேண்டுமே! அதனால் நாள் முழுதும் நூற்ற ஸ்திரீக்கு ஓரிரண்டு அணாவுக்கு மேல் தேறவில்லை. 1935-இல் காந்திஜி இதைக் கையிலெடுத்தார். ஏழைக்கென்று ஏற்பட்ட சங்கமே ஏழையின் கூலியைக் குறைத்து, வசதியுள்ளவர்களுக்குச் சகாயமாகக் கதர் விற்கலாமா என்பது அவர் கேள்வி. எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா என்று அவர் ஒரு லட்சியத்தைச் சொன்னார். சங்கத்து ஊழியர் பலர் திடுக்கிட்டார்கள். விலை ஏறினால் விற்பனை படுத்துவிடும். விற்பனை படுத்தால் இப்போது கிடைக்கிற ஓரணாவும் போய்விடும் என்று வாதாடினார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அவர்களுடைய பயத்தில் நியாயம் இருந்தது.

அவ்வருஷம் அக்டோபர் மாதம் வார்தாவில் கூடிய சங்கத்து நிர்வாக சபை தீர்மானித்தது இது: இப்போதுள்ள நூற்புக் கூலி போதாது, அதை உயர்த்தி ஒரு தரம் நிர்ணயிக்க வேண்டும், எட்டு மணி நேரம் திறமையாக நூற்பவருக்கு, சாஸ்திரீயமாகக் கணக்கிட்ட குறைந்தபட்ச ஆகாரமும் வருஷத்துக்கு 20 கஜம் துணியும் கிடைக்கும்படி அக்கூலி இருக்க வேண்டும், படிப்படியாக உயர்த்தி, உழைக்கிறவர்களின் சம்பாத்தியத்தால் குடும்பம் முழுவதும் சரியாக ஜீவிக்கும் நிலையை எட்ட வேண்டும்.

இத்தீர்மானத்தில் நான்கு அம்சங்களைக் கவனிக்க வேண்டும். முதலாவது, கூலிக்கு அளவுகோல் சந்தை விலை அல்ல, சோறும் துணியும். இரண்டாவது, வாக்குக் கொடுத்தவனே கடைக்காரன். பணத்தை எண்ணிக் கொடுக்கிறவனும் அவனே. ஆகவே பொறுப்பைத் தள்ளிவிட இடமில்லை. மூன்றாவது, விலை ஏறியதை ஒளிக்கவில்லை. கதர் வாங்குகிறவர், தாம் அதிகமாகக் கொடுப்பது ஏன் என்று அறிந்தே கொடுக்க வேண்டும் என்றார்கள். நான்காவது, சங்கத்தின் அத்தாட்சிப் பத்திரம் பெற்ற கடைகளே கதர்க் கடைகள். நிர்ணயித்த கூலியைக் கொடாதவன் விற்பது கதரேயானாலும் அதை வாங்கலாகாது என்று விதித்தார்கள்.

பலன் என்ன? கூலி உயர்ந்தது, ஆனால் எட்டணா லட்சியம் எட்டாமலே நின்றது. காந்திஜியே வெளியிட்ட கணக்கின்படி 1940-ஆம் வருஷத்தில் 13,451 கிராமங்களில் 2,75,146 பேர் நூற்றும் நெய்தும் 34,85,609 ரூபாய் பெற்றார்கள். நாம் வகுத்துப் பார்த்தால் தலைக்கு வருஷத்துக்குச் சுமார் 12 ரூபாய் 10 அணா ஆகிறது. இவர்களில் பெரும்பாலோர் வீட்டு வேலைக்கிடையே நூற்ற ஸ்திரீகள் என்பது உண்மை. ஆயினும் இது முழு வயிற்றுக் கணக்கல்ல. லட்சியத்துக்கும் கைக்கும் இடையே இருந்த தூரத்தை மறைக்காமல் சொல்வதே அம்மகான் பெயருக்கு நாம் செய்யும் மரியாதை.

கஜக் கணக்கு சட்டமான கதை

சுதந்திரம் வந்த பின் இவ்விஷயம் சட்டப் புஸ்தகத்தில் ஏறிற்று. 1948-இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது. அதே வருஷம் நியமித்த நியாயக் கூலிக் கமிட்டி, குறைந்தபட்சக் கூலி, நியாயக் கூலி, ஜீவனக் கூலி என்று மூன்று படிகளை வகுத்தது. உயிரையும் உழைக்கும் சக்தியையும் காப்பது முதற்படி. மக்களுக்குக் கல்வி, நோய்க்கு மருந்து, முதுமைக்குக் கொஞ்சம் சேமிப்பு ஆகியவற்றோடு மானமாக வாழ வைப்பது மூன்றாம் படி. நமது அரசியல் சட்டத்தின் 43-வது ஷரத்து எல்லாத் தொழிலாளருக்கும் ஜீவனக் கூலி கிடைக்கச் செய்ய முயல வேண்டும் என்று சர்க்காருக்கு உபதேசிக்கிறது.

1957-இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மகாநாடு கணக்கை இன்னும் தெளிவாக்கிற்று. ஆளுக்கு 2,700 கலோரி ஆகாரம், தலைக்கு வருஷத்துக்கு 18 கஜம் துணி, நால்வர் குடும்பத்துக்கு 72 கஜம், வாடகை தனி; விறகு, விளக்கு முதலிய செலவுகளுக்கு மொத்தக் கூலியில் ஐந்தில் ஒரு பங்கு. வார்தாவின் 20 கஜம் இங்கே 18 கஜமாக வந்திருப்பதைப் பாருங்கள்! 1991-இல் சுப்ரீம் கோர்ட்டு, பிள்ளைகளின் படிப்பு, வைத்தியம் முதலியவற்றுக்காக இன்னும் நூற்றுக்கு 25 சேர்க்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது.

ஏட்டில் இவ்வளவும் இருக்க, நம் மாகாணத்துத் தையல் தொழிலில் நடந்தது வேறு. 2004-க்குப் பிறகு குறைந்தபட்சக் கூலியைத் திருத்த 2014 வரையில் ஆயிற்று. அதையும் எதிர்த்து முதலாளிகள் சென்னை ஹைகோர்ட்டுக்குப் போனார்கள். 2016-இல்தான் அம்மனுக்கள் தள்ளுபடியாயின. நூற்பு ஆலைகளிலோ, ஏழை வீட்டுப் பெண்களை விடுதியில் தங்க வைத்து, மூன்று வருஷம் வேலை செய்தால் கலியாணச் செலவுக்கு ஒரு தொகை தருவோம் என்று ஆசை காட்டிய ஏற்பாட்டுக்குச் சுமங்கலித் திட்டம் என்று மங்கலமாகப் பெயர் வைத்தார்கள். மாதா மாதம் கொடுக்க வேண்டிய கூலியில் பிடித்து வைத்ததையே கடைசியில் சீதனம் போல் கொடுப்பது! இடையில் நோய்ப்பட்டு வீடு திரும்பிய பெண்கள் பலருக்கு அத்தொகையும் கிடைக்கவில்லை. இந்த ஆலைகள் ஹார்வி துரையுடையவை அல்ல, நம்மவர்களுடையவை.

ஸ்வீடன் தேசத்துக் கடை

இந்நிலையில் 2013-ஆம் வருஷம் நவம்பரில் எச் அண்ட் எம் என்னும் ஸ்வீடன் தேசத்து ஆடை விற்பனைக் கம்பெனி ஒரு பிரதிக்ஞை செய்தது. தனக்குச் சரக்குக் கொடுக்கும் முக்கியமான ஆலைகளில் 2018-க்குள் நியாயமான ஜீவனக் கூலி கொடுப்பதற்கான கூலி முறைகள் அமையும். எட்டரை லட்சம் தொழிலாளர் பயன் பெறுவர் என்றது. அவ்வளவு பெரிய கடை அவ்வளவு வெளிப்படையாகப் பேசியதே உலகத்துக்குப் புதுமையாக இருந்தது. திருப்பூரிலும் அதன் சரக்குத் தயாராகிறது. ஆதலால் அவ்வாக்கு நமக்கும் உரியதாயிற்று.

2018 வந்தது. அறுநூறுக்கு மேற்பட்ட ஆலைகளில், ஒன்பது லட்சத்துக்கு மேற்பட்ட தொழிலாளரைத் தன் திட்டங்கள் தொட்டிருப்பதாகக் கம்பெனி சொல்லிற்று. தொழிலாளர் பக்கம் நின்று போராடும் 'க்ளீன் க்ளோத்ஸ் காம்பெயின்' என்னும் இயக்கத்தார் பல்கேரியா, துருக்கி, இந்தியா, கம்போடியா ஆகிய தேசங்களில் ஆறு ஆலைகளைச் சேர்ந்த 62 தொழிலாளரை விசாரித்து வேறு விதமாகச் சொன்னார்கள். தாங்கள் கண்ட இந்தியத் தொழிலாளர் பெற்றது ஜீவனக் கூலியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்றார்கள். அறுபத்திரண்டு பேரைக் கொண்டு லட்சக்கணக்கானவர்களை அளக்க முடியாது என்று சொல்லலாம். ஆனால் நமக்குத் தோன்றுவது இது: இரு கட்சியாரும் வெவ்வேறு பொருளை எண்ணினார்கள். ஒருவர் எண்ணியது ஆலைகளை. மற்றவர் எண்ணியது ரூபாயை. பிரதிக்ஞையிலேயே 'கூலி முறைகள்' என்று இருந்ததேயன்றி இத்தனை ரூபாய் என்று இல்லை. வார்தாத் தீர்மானத்தில் 20 கஜம் இருந்தது. அளவு சொல்லாத வாக்கு நிறைவேறியதா இல்லையா என்று யாரால் சொல்ல முடியும்?

வாக்கு வலுப்பெறும் வழியையும் நம் மாகாணமே காட்டியிருக்கிறது. 2022-ஆம் வருஷம் ஏப்ரலில் ஏற்பட்ட திண்டுக்கல் ஒப்பந்தம் ஆலைப் பெண்களைத் தொந்தரவிலிருந்தும் பலாத்காரத்திலிருந்தும் காப்பதற்காக ஏற்பட்டது. தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம், ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் ஆலை முதலாளிகளோடு அதைச் செய்து கொண்டது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய வெளிநாட்டுக் கம்பெனிகளும் தம்மைக் கட்டுப்படுத்தும் பத்திரங்களில் கையெழுத்திட்டன. ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வியாபாரத்தில் நஷ்டமடைய வேண்டும். கூலியைப் பற்றிய ஒப்பந்தம் அல்ல அது. ஆனால் கூலிக்கும் இப்படி ஒரு பத்திரம் ஏன் கூடாது? 2024-இல் சர்வதேசத் தொழில் ஸ்தாபனமும் ஜீவனக் கூலி இன்னதென்பதைப் பற்றி சர்க்கார்கள், முதலாளிகள், தொழிலாளர் மூவரும் ஒப்பிய விளக்கத்தை அங்கீகரித்திருக்கிறது. 'ஜீவனக் கூலி என்றால் என்னவென்றே தெரியவில்லையே' என்று கையை விரிக்க இனி இடமில்லை.

யார் கொடுப்பது?

திருப்பூர் முதலாளியைக் கேட்டால் அவரும் ஒரு நியாயம் சொல்வார். 'கூலியை உயர்த்து என்று சொல்லும் கடையே, அடுத்த கடிதத்தில் பனியன் விலையைக் குறைக்கச் சொல்கிறது. மறுத்தால் பங்களாதேஷுக்குப் போகிறது' என்பார். இது பொய்யல்ல. 2025-ஆம் வருஷம் ஆகஸ்டில் அமெரிக்கா நமது சரக்கின் மேல் ஐம்பது சதவிகித வரி போட்டபோது, அச்சுமையில் ஒரு பங்கை ஏற்கும்படி இங்குள்ளவர்களிடம்தான் தள்ளுபடி கேட்டார்கள். மேலிருந்து வரும் சுமை படிப்படியாக இறங்கி, கடைசியில் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருப்பவள் தலையில் வந்து நிற்கிறது. அவளுக்குக் கீழே யாரும் இல்லை.

ஆனால் கணக்கைப் பாருங்கள். மேல்நாட்டுக் கடையில் விற்கும் ஆடையின் விலையில் தைத்தவருக்குச் சேரும் கூலி நூற்றுக்கு மூன்றைத் தாண்டுவது அரிது என்று இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள். உதாரணமாக ஒரு சட்டை 1,000 ரூபாய், கூலி 30 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கூலியை இரட்டித்தாலும் சட்டை 1,030 ரூபாய்தான். வாங்குகிறவர் இந்த முப்பது ரூபாய்க்காகக் கடையை விட்டு ஓட மாட்டார். ஆனால் ஆலை, ஏஜெண்டு, கடை என்று ஒவ்வொருவரும் தங்கள் விழுக்காட்டு லாபத்தை அம்முப்பதின் மேலும் ஏற்றினால், அது அறுபதாகவோ தொண்ணூறாகவோ ஆகி, 'ஜீவனக் கூலி கட்டாது' என்னும் முடிவுக்கு வருகிறோம். கூலியைத் தனிக் கணக்காக வைத்து, அதன்மேல் எவரும் லாபம் ஏற்றாமல், அது தொழிலாளியின் கைக்குப் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பதே வழி. சலாபத்துக் கரையில் சிப்பியைக் கூறு போட்டது போல, பங்கு கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

நமது கடமை

மேல்நாட்டுக் கடைகளை மட்டும் குறை கூறி முடிப்பது எளிது. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் நாம் ஏறி இறங்கும் ஜவுளிக் கடைகளின் கதை என்ன? அங்கே நாள் முழுதும் நின்று கொண்டே புடவை விரித்துக் காட்டும் பெண்களுக்கு உட்கார ஓர் ஆசனம் வேண்டும் என்பதற்கே 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டசபை ஒரு சட்டத் திருத்தம் செய்ய வேண்டியிருந்தது! ஆசனத்துக்கே சட்டம் வேண்டுமென்றால், கடைக்குள் கால் வைக்காத நூற்பு ஆலைப் பெண்ணை யார் நினைக்கப் போகிறார்கள்? நம் ஊர்ப் பெருங்கடைகளில் எத்தனை, தங்கள் துணி எந்த ஆலையில் நூற்றது, எந்த ஊரில் தைத்தது, அங்கே என்ன கூலி என்று எழுதி வைக்கத் தயாராக இருக்கின்றன? எழுதி வைக்கும்படி நாம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா?

கேட்க வேண்டும். துணியின் நிறத்தையும் கரையையும் சாயம் போகுமா என்பதையும் விசாரிக்கிற நம் வீட்டு ஸ்திரீகள் இந்த ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொள்ளட்டும். முதலில் கடைக்காரர் விழிப்பார். பத்துப் பேர் கேட்டால் விசாரிப்பார். நூறு பேர் கேட்டால் பதில் சொல்வார். கதர்க் கடையில் கஜத்துக்கு அணா அதிகம் கொடுத்து, காரணம் அறிந்து வாங்கிய தலைமுறையின் பேரப் பிள்ளைகளுக்கு இது பெரிய காரியமல்ல. தொழிலாளர் சங்கம் அமைத்தால் தொல்லை என்று நினைக்காமல், ஆலைக்குள் கூலிக் கணக்கைப் பார்க்க வேறு எவருக்கும் கண்ணில்லை என்பதை முதலாளிகளும் உணர வேண்டும். 1908-இல் கோரல் மில்லில் கூலியை உயர்த்தியது கம்பெனியின் கருணை அல்ல. தொழிலாளர் ஒற்றுமையும் அவர்களுக்குப் பின்னால் நின்ற ஊராரின் உறுதியுமே.

துறைமுகத்துக்கு அப்பெரியவரின் பெயரை வைத்திருக்கிறோம். அங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு பனியன் பெட்டியிலும் தைத்தவளின் சோற்றுக்கும் துணிக்கும் அவள் குழந்தையின் படிப்புக்கும் போதிய கூலி செலுத்தியாயிற்று என்று சொல்லக்கூடிய நாள் வரும்போதுதான், அப்பெயரை வைத்த கடமை தீரும்.